மேட்டில் ஏறும்போது ஒரு சத்தம்

ஜோகூருக்குப் புறப்பட்ட அன்று குகனேஸ்வரன் தன் மனைவியிடம் அதிகம் பேசியது மோட்டாரைப் பற்றித்தான். பை கட்டியாகிவிட்டது. வேன் வர இன்னும் நேரம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பக்கவாட்டில், தகரக் கூரைக்கு அடியில் நின்ற கறுப்பு ஆர்எக்ஸ்ஸெட் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூவிழியைக் கூட்டிப்போய் நிறுத்தினான்.

“இது எண்ணெய்க் குழாய். வண்டிய நிப்பாட்டினா இத மூடிடணும். இது சோக். காலையில குளிரு ஜாஸ்தி இல்லையா, இத இழுத்துட்டுத்தான் உதைக்கணும். வாரத்துக்கு ஒரு வாட்டியாச்சும் ஸ்டார்ட் பண்ணி வை பூவு. சும்மா நின்னா வீணாப் போயிடும்.”

“ஓட்டணுமா?”

“முடிஞ்சா லயத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வை. உனக்குத்தான் லைசன் இருக்கே லா.”

அவனுக்கு அந்த மோட்டார் என்றால் உயிர். தோட்டத்துத் தேயிலை ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்த புதிதில், ரிங்லெட்டில் ஒரு சீனர் வீட்டுப் பின்புறம் கோழிக்கூண்டை ஒட்டித் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, தபாவிலும் ஈப்போவிலும் அலைந்து பாகம் பாகமாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்தவன். சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது அதையும் கொண்டுபோகலாமா என்று யோசித்துப் பார்த்தான். ஜோகூரில் நாலு பேரோடு ஓர் அறை, விடியுமுன் எழுந்து மோட்டார் கூட்டத்தோடு கூட்டமாகச் சிங்கப்பூருக்குப் பாலம் கடக்க வேண்டும், திரும்பி வரும்போதும் அதே நெரிசல். “அந்த வெயிலு, அந்தப் புகை, இது தாங்காது” என்று சொல்லி ஒரு பழைய சின்னக் கப்சாய் மோட்டாரை அதற்கென்று வாங்கிக்கொண்டான். அவள் தாங்குவாளா என்றும் ஒரு வார்த்தை கேட்பான் என்று பூவிழி பார்த்தாள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதியில் பங்களாதேஷ் ஆட்கள் இருந்தார்கள். எதிரில் வந்தால் சிரிப்பார்கள், தலையசைப்பார்கள், அதற்கு மேல் பேச இரு பக்கமும் பாஷை போதாது. தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக மலையை விட்டுத் தபாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டன. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், ஆலையில் தேயிலைப் பொட்டலம் கட்டிவிட்டு மாலையில் திரும்பும் பூவிழிக்கு, கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது குளிர்பெட்டியின் உறுமல்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் உதைத்த உதையில் உதைகட்டை திருப்பி அடித்து, முழங்காலுக்குக் கீழே கன்றிப் போயிற்று. போனில் குகன் சிரித்தான். “பாதியில விடாத. கடைசி வரைக்கும் அமுக்கு.” போனைத் திண்டின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி உதைத்தாள். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. “ஆங்! அப்படியே லேசாத் திருகு. இன்னும் கொஞ்சம்... போதும் போதும். கேக்குதா, இப்ப எப்படி ஓடுது பாரு!” என்று அங்கிருந்து கத்தினான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படி உற்சாகமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அந்த மாதங்களில் ஞாயிறு மதியம் போன் வந்தால் வைக்க வெகுநேரமாகும். சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவுவது எப்படி, இரண்டு விரல் அளவுக்கு அது தொய்ந்திருக்க வேண்டும் என்று பார்ப்பது எப்படி, பிளக்கைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது எப்படி என்று வீடியோவில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தான். பிளக்கின் முனை தேநீர்ச் சாய நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம், கரியாக இருந்தால் எண்ணெய் அதிகம். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று. நகத்துக்குள் கறுப்பு ஏறியது. ஆலையில் பக்கத்து மேசை ஜெயா, “என்னாடி இது, கொழுந்துக் கறையா மோட்டாரு கறையா?” என்று கேலி செய்தாள்.

கையால் கிளட்ச் பிடிக்கும் வண்டி அவளுக்குப் புதிது. முதலில் லயத்து மண்பாதையில் அணைந்து அணைந்து போனாள். பிறகு ஆலை வரைக்கும். பிறகு ஒரு ஞாயிறு காலை, குகனின் பழைய ஜாக்கெட்டைக் கைமடித்துப் போட்டுக்கொண்டு, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் சாலையில் ரிங்லெட்டுக்கே போய் வந்தாள். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, உடம்பைச் சற்றே சாய்த்து, வளைவு நிமிரும் இடத்தில் கைப்பிடியைத் திருகும்போது வண்டி ஒரு துள்ளலோடு மேலே பாயும். அந்த இடம் வந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்துவிடுவாள். தலைக்கவசத்துக்குள் அந்தச் சிரிப்பு அவள் காதுக்கே விழும்.

பிரிஞ்சாங்கைத் தாண்டி கியா பார்ம் சந்தை வரைக்கும் போன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஈப்போவிலிருந்து மலையேறி வந்த மோட்டார்க் கூட்டம் ஒன்று ஸ்ட்ராபெரிக் கடைக்கு எதிரே வரிசையாக வண்டிகளை நிறுத்தியிருந்தது. இவளுடையதைப் போல இரண்டு வண்டிகள் அதில் இருந்தன. பையன்கள் சோளத்தைக் கடித்துக்கொண்டு கார்புரேட்டரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்னது தப்பு என்று பூவிழிக்குத் தெரிந்தது. சொல்லலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். கூட்டத்திலிருந்த ஒரு பெண் திரும்பி, “தனியாவா வந்தீங்கக்கா?” என்று அன்பாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றதும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு பரிவு தெரிந்தது. அதைப் பார்த்ததும் இவளுக்குப் பேச்சு வரவில்லை. ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அவள் தேறத் தேற, போன் பேச்சு சுருங்கிற்று.

“மோட்டாரு எப்படி?”

“நல்லாருக்கு. சங்கிலி கழுவிட்டேன்.”

“எஞ்சினுக்கு டூ-டி எண்ணெய் பாத்தியா?”

“ஊத்திட்டேன்.”

“நல்லது. சாப்ட்டியா? சரி பூவு, வக்கிறேன். துணி தொவைக்கணும்.”

அவள் சொல்ல வைத்திருந்த எதையும் சொல்லுமுன் அது அணைந்துவிடும். கோயில் கூரையில் குரங்கு ஓடு பெயர்த்தது, ஜெயா மகளுக்கு வரன் வந்தது, மழையில் மேல் பாதை சரிந்து லாரி நின்றது. அவனாகக் கேட்டால் சொல்லலாம். வலியப் போய்ச் சொன்னால் “ம்... ம்...” என்று வரும். அந்த ‘ம்’ அவளுக்கு ஆகாது.

ஒரு ஞாயிறு உண்மையிலேயே ஒரு சத்தம் வந்தது. சங்கிலி மூடியின் நட்டு ஒன்று தளர்ந்து கடகடவென்று அடித்தது. சொன்னதும் குகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எந்தப் பக்கம், எந்தக் கியரில், திருகும்போதா விடும்போதா என்று துருவித் துருவிக் கேட்டான். கண்டுபிடித்துத் தந்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் வேறு ஏதேதோ பேசினான். அறையில் கூட இருக்கும் ஒருவன் சாம்பாரில் சீனி போட்ட கதையைச் சொன்னான். பூவிழிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

அடுத்த ஞாயிறு வண்டியில் ஒரு குறையும் இல்லை. போன் வருமுன் அவள் ஸ்பேனரை எடுத்து, பின் மட்கார்டின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்தாள். தான் செய்வது கூச்சமாகத்தான் இருந்தது. “என்னான்னு தெரியல, பின்னால ஏதோ ஆடுதுங்க” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் நட்டு, ஒரு வாரம் பிரேக் கம்பி, ஒரு வாரம் விளக்கு. தளர்த்திவிட்டு, அவன் சொல்லச் சொல்ல இறுக்குவாள். அதற்காகவே போனில் பழைய மோட்டார்க்காரர்கள் எழுதுவதையெல்லாம் படித்து, எந்தக் கோளாறு எப்படிப் பேசும் என்று தெரிந்துகொண்டாள். கழற்றிக் கழற்றிப் பூட்டியதில், அந்த வண்டியில் அவள் கைபடாத திருகாணி கொஞ்சம்தான் இருந்தது. எளிய கோளாறுகள் தீர்ந்துபோயின. அவன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு மறுபடி துணி துவைக்கப் போய்விடுவான். ஆகவே சுலபத்தில் பிடிபடாத ஒன்றைச் சொன்னாள்.

“மேட்டுல ஏறும்போது உள்ளேருந்து ஒரு சத்தம் வருதுங்க. தட்டுற மாதிரி. எப்பவும் இல்ல, சில நேரத்துலதான்.”

“உள்ளேருந்தா?” என்றான். “ஐயோ, பிஸ்டனா இருக்கப் போவுது. ஓட்டாத பூவு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத.”

அன்றிலிருந்து ஞாயிறு வரை காத்திருக்காமல் நடுவாரத்திலும் கூப்பிட்டான். நண்பர்களிடம் விசாரித்ததைச் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி பதில் சொன்னாள். பேசி முடித்ததும் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அடுத்த அழைப்பு மணி அடித்ததும் அது எழுந்து போய்விடும். ஓட்டாதே என்று அவன் சொன்ன வண்டியில்தான் அவள் தினமும் ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நாள், “லீவு கெடச்சிருக்கு. சனிக்கெழம வர்றேன்” என்றான். தீபாவளிக்கு வந்து போனவன், பல மாதங்களாக ஊர்ப் பக்கம் வரவில்லை.

பூவிழி வீட்டைக் கழுவித் தள்ளினாள். திரைச்சீலை மாற்றினாள். ஜெயாவிடம் சொல்லி நாட்டுக்கோழி வாங்கிக் குழம்பு வைத்தாள். சனி மதியம் தானா ராத்தா பஸ் நிலையத்திலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்து இறங்கினான் குகன். இளைத்திருந்தான். முன்னந்தலையில் முடி உதிர்ந்து நெற்றி ஏறியிருந்தது. வீடியோவில் அது தெரிந்ததே இல்லை. தோளில் ஒரு பை, கையில் கனமான ஒரு பை. அந்தக் கனப் பையில் என்னவோ என்று அவள் ஆசையாகப் பார்த்தாள். பிஸ்டன் ரிங், கேஸ்கெட், புது ஸ்பேனர் ஒன்று.

“மழை வர்றதுக்குள்ள பிரிச்சிடலாம்” என்றான், பாதிக் கோப்பைத் தேநீரோடு எழுந்து.

தகரக் கூரைக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். அவள் எதிரில் குந்தி, அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். சில நேரம் கேட்குமுன்னேயே கொடுத்தாள். டேங்க் இறங்கியது. எஞ்சின் தலை கழன்றது. அவன் மூச்சு, வேலியோரத்து வெற்றிலைக்கொடியில் மழைக்கு முந்திய காற்று, அருகருகே இரண்டு பேர் கை. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு நேரம் அவன் இருந்து எத்தனை நாளாயிற்று. இப்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். சொன்னால் எழுந்துவிடுவான். இன்னும் கொஞ்சம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

குகன் பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். துணியால் துடைத்து மறுபடி பார்த்தான்.

“ஒண்ணுமே இல்லையே.”

அவள் சாக்கில் கிடந்த திருகாணிகளை ஒதுக்கி வைத்தாள்.

“ரிங்கும் நல்லாத்தான் இருக்கு. பேரிங்ல ஆட்டம் இல்ல.” பிளக்கை எடுத்துப் பார்த்தான். சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தான். கிளட்ச் கம்பியை இழுத்துப் பார்த்தான். “இதையெல்லாம் யாரு பாத்தது? ரிங்லெட் கடையில விட்டியா?”

“நான்தான்.”

“நீயா? நான்கூட இப்படி வச்சதில்ல பூவு” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் பாகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புது கேஸ்கெட்டைப் போட்டு எல்லாவற்றையும் பூட்டினான். மழை பிடித்துக்கொண்டது. கடைசி நட்டை இறுக்கும்போது, தலையைத் தூக்காமலேயே சொன்னான்.

“ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டிய வித்துடப் போறேன். ஈப்போ பையன் ஒருத்தன், ரூபன்னு பேரு, நாளைக்கிக் காலையில பாக்க வர்றான். சரி பண்ணிக் குடுக்கணும்னுதான் வந்தேன்.”

“விக்கப் போறீங்களா?”

“வாரா வாரம் இதோட நீ மல்லுக்கட்டுற. எனக்கு அங்க வேல ஓடல. நடுவழியில நின்னுப் போச்சின்னா யாரு இருக்கா ஒனக்கு? என் ஆசைக்கு ஒன்ன ஏன் படுத்தணும்?”

அவனுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்காகத்தான் அதைக் கொடுக்கத் துணிந்திருக்கிறான்.

“சத்தம் வரலங்க.”

“என்னா?”

“சத்தமே வரல. நான் சும்மாச் சொன்னேன். நட்டு ஆடுனது, வெளக்கு எரியாதது எல்லாம் நானே கழட்டி விட்டது.”

குகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. “பைத்தியமா ஒனக்கு? ரெண்டு வாரமா நான் தூங்கல. ஃபோர்மேன் கால்ல விழாத கொறையா லீவு கேட்டு வந்திருக்கேன். எதுக்கு?”

“மோட்டாரு நல்லாருந்தா நீங்க போன வச்சிடுறீங்க.”

கையிலிருந்த ஸ்பேனரைச் சாக்கின் மேல் போட்டுவிட்டு எழுந்து போனான். மழைக்குள் இறங்கப் பார்த்தவன், கூரையின் விளிம்பில் நின்றுகொண்டான். கூரைத் தண்ணீர் அவன் செருப்பில் தெறித்தது. பூவிழி ஸ்பேனர்களைத் துடைத்து டப்பாவில் போட்டாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மழை சற்று ஓய்ந்தபோது, திரும்பாமலேயே அவன் பேசினான்.

“அங்க ஒங்கிட்ட சொல்ற மாதிரி என்னா இருக்கு பூவு? எழுந்திரிக்கிறேன், பாலம் தாண்டுறேன், இரும்ப அறுக்குறேன், பாலம் தாண்டுறேன், படுக்குறேன். மறுநாளும் அதே. மோட்டாரப் பத்திப் பேசுறப்பதான் நான் இங்க இருக்குற மாதிரி இருக்கும்.”

“அதையே சொல்லியிருக்கலாம்ல.”

“எத?”

“பாலம் தாண்டுறதத்தான்.”

அவன் சாக்கைச் சுருட்டி எடுத்து வைத்தான். இரவுச் சாப்பாட்டின்போது, கோழிக்குழம்பு நன்றாயிருக்கிறது என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

மறுநாள் காலை ரூபன் ஒரு நண்பனின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். வண்டியைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. “அண்ணே, சத்தம் கேக்கலாமா?” என்றான். குகன் சாவியை எடுத்துப் பூவிழியிடம் நீட்டினான். அவள் சோக்கை இழுத்து ஒரே உதையில் பிடிக்க வைத்து, எஞ்சின் சூடேறியதும் ஏறி உட்கார்ந்து, ஆலைக்குப் போகும் மேட்டில் ஏறித் திரும்பி வந்தாள். முதல் தடவையாக அவள் ஓட்டுவதைக் குகன் பார்த்தான். வளைவில் அவள் சாய்ந்து வருவதைக் கண்டு கையைத் தூக்கி எதையோ சொல்ல வந்தவன், சொல்லாமல் கையை இறக்கிக்கொண்டான்.

“செமையா ஓடுதுண்ணே” என்றான் ரூபன். “எப்ப எடுத்துக்கலாம்?”

“மன்னிச்சிக்க தம்பி. இது எங்க வீட்டுக்காரம்மா வண்டி. நான் கேக்காம சொல்லிட்டேன்.”

பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வரச் சொன்னீங்களே என்று முணுமுணுத்தான். பூவிழி அவர்களை உட்கார வைத்துப் பசியாறக் கொடுத்து, கியா பார்மில் அன்று பார்த்த இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொன்னாள். அதில் ஒன்று ரூபனின் கூட்டாளியுடையதுதானாம். அது விலைக்கு வருமா என்று விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு ரூபன் கிளம்பினான்.

மதியம் பஸ்ஸுக்குப் பூவிழியே குகனைக் கொண்டுபோய் விட்டாள். தன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் இருக்கையைப் பிடித்தான். ஹாபு ஊரைத் தாண்டியதும் அவள் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டான். “முன்னால லாரி, பாத்து” என்றான். “தெரியுது” என்றாள். அதன் பிறகு தானா ராத்தா வரும் வரைக்கும் அவன் சாலையை விட்டு மலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பஸ் கிளம்பியதும் அவள் கை காட்டினாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அவன் கை காட்டினானா என்று தெரியவில்லை. திரும்பும் வழியில் பனி இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தாள். எந்த வளைவிலும் சிரிப்பு வரவில்லை. பின்னால் இருந்த பாரம் இல்லாமல் வண்டி லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது பூவிழி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அவளிடம் இனிச் சொல்ல எந்தக் கோளாறும் பாக்கி இல்லை.

“சொல்லுங்க.”

“பூவு...” என்றான் குகன். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவன்போல ஆரம்பித்தான். “நேத்து பாலத்துல நல்ல மழ. எனக்கு முன்னால போன மலாய்க்காரப் பையன் வழுக்கி விழுந்துட்டான். அடி ஒண்ணும் இல்ல. எல்லாரும் நிப்பாட்டித் தூக்கிவிட்டோம். எனக்கு ஒரு நாள் முழுக்க அந்தப் பையன் நெனப்பாவே இருந்திச்சி.”

“பயந்துட்டீங்களா?”

“கொஞ்சம்.”

மேல் பாதையில் லாரி நின்றதை அவள் சொன்னாள். ஜெயா மகளைப் பற்றிச் சொன்னாள். அவன் ‘ம்’ போட்டான். ஆனால் நடுவே, “மாப்பிள்ளை என்னா வேலை?” என்று கேட்டான். பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லாமல் போயிற்று. அவன் அறையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. துணி துவைக்கணும் என்று சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீண்டு, லேசான குறட்டை வந்தது.

பூவிழி போனை அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி, சமையல் திண்டில் முறத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். கீரைக் கட்டை அவிழ்த்து உட்கார்ந்து, பழுப்பு இலைகளைக் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள்.